ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

அக்டோபர் 10, வியாழன்

ஆவுடையப்பன் சாரோடு இன்றைக்கும் சண்டை. அவர் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். நாளைக்கு ஆயுத பூஜை என்பதால் எல்லா மெஷினையும் துடைத்து, அணைத்து, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும், மறுபூஜை முடிகிறவரை எதுவும் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். கேன்சருக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிற பெரிய மெஷினை அணைக்கட்டும், அது வாராவாரம் அணைகிறதுதான். சர்வரை எதற்கு அணைக்க வேண்டும்?

"சார், அது வருஷக்கணக்கா நிக்காம ஓடுது. அத நிப்பாட்டாதீங்க."

"அதாம்மா சொல்லுதேன். நிக்காம ஓடுததுக்கு ரெண்டு நாள் ரெஸ்ட் வேண்டாமா? பூஜைல வச்ச ஆயுதம் ஓடலாமா? போன வருஷமும் இப்படித்தான் என்னைய ஏமாத்திட்டிய."

அணைத்தேன். அவரே வந்து அதன் நெற்றியில் மூன்று விரலால் விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். எந்த நோயாளிக்கு எந்தக் கோணத்தில், எவ்வளவு கரண்ட் என்கிற கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பெரிய மெஷின் வெறும் இரும்பு. இதை அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

என் வீட்டுக்காரர் லிங்கதுரைக்கும் அந்த மெஷினில்தான் வைக்கிறார்கள். தொண்டையில். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. முகத்தின் அச்சில் செய்த பிளாஸ்டிக் வலையை மாட்டி, மேஜையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். இருபது வருடம் நெல்லையிலிருந்து மெட்ராசுக்கு ஆம்னி பஸ் ஓட்டிய மனுஷன், தலையை இம்மி அசைக்க முடியாமல் கிடப்பார். வெளியே வரும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமாக அச்சு இருக்கும். வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்குவதற்கே கண்ணில் தண்ணீர் வருகிறது.

"ஏட்டி சக்தி, போதும்ட்டி. சாவுததுன்னா நல்லா தின்னுட்டுச் சாவுதேன்."

சாயங்காலம் இதைச் சொல்வார். காலையில் நான் "நாளைக்கு வேண்டாம், இன்னைக்கு மட்டும் வாங்க" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவேன். ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஒரு பொய்யை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் மெர்லின் இன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுறதே எனக்குப் பிடிக்கல. திங்கட்கிழமை கண்டிப்பா கூட்டிட்டு வந்துருங்க. நடுவுல விட்டா மிச்சம் இருக்கிறது மறுபடி வளர ஆரம்பிச்சுரும். அது மட்டுமில்ல, கொஞ்சம் சொகமாயிட்டா நெறைய பேரு திரும்பி வர்றதே இல்ல."

வீட்டில் சத்தம் போட முடியவில்லை. அவருக்குப் பதில் பேச வாயில்லை, நான் யாரோடு சண்டை போட? அதனால் இதில் எழுதுகிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

பஸ் கம்பெனியிலிருந்து கூட்டாளிகள் பொரி, சுண்டல், ஒரு சாமந்தி மாலையோடு வந்தார்கள். அவர் பழைய வண்டிக்கு இந்த வருடமும் முதல் மாலையாம். ஒரே ஒரு பொரியை நாக்கில் வைத்தார். அது கரைகிறவரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். துப்பிவிட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தார். "புண்ணு ஆறுதுட்டி" என்றார். நாளைக்குக் கரண்ட் வைத்தால் மறுபடியும் கிளம்பும்.

அக்டோபர் 14, திங்கள்

எழவில்லை.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, "ம், போடும்மா" என்றார் ஆவுடையப்பன் சார். சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. அப்புறம் உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். திரையில் ஒரே ஒரு வரி. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம்!

மத்தியானத்துக்குள் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோஜனம்? உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். விற்றவர்கள் அப்படித்தான் சொல்லி விற்றார்கள். முதல் டிஸ்க் வயசானது. ஓடுகிறவரை ஓடியது, நின்று குளிர்ந்ததும் மறுபடி சுற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. சரி, இரண்டாவது தாங்க வேண்டுமே. அதை இரண்டு வருடம் முன்னால் கம்பெனி ஆள் வந்து புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். எல்லாத் தகவலும் அதில் நகலாகி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் டிஸ்கின் ஓரத்தில், சிஸ்டத்தை எழுப்பிவிடுகிற சின்னத் துண்டு ஒன்று இருக்க வேண்டும். அது தானாக நகல் ஆகாது. கையால் தனியாகப் போட வேண்டும். அவர் போடவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிக்கு அது தேவையில்லை, அதனால் யாருக்கும் தெரியவுமில்லை. இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது, சவம். நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்னும் நின்றிருக்கும்.

ஹாலில் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கயத்தாறிலிருந்து வருகிற மரியபுஷ்பம் அக்காவுக்கு இது கடைசி வாரம். காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். "என்னம்மா, மெஷினுக்குக் காய்ச்சலா?" என்று சிரித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை தோற்றது.

"ஸ்டெப்னி உண்டும்லா? அத மாட்ட வேண்டியதுதான?"

"ஸ்டெப்னி இருக்கு. மாட்டுனா வண்டி ஸ்டார்ட் ஆவல."

"அப்ப டிரைவருக்கு ரெஸ்ட்டு" என்று சொல்லிச் சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று அவர் சிரித்து.

அக்டோபர் 15, செவ்வாய்

சர்வர் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். "மேடம், நீங்க எதையும் டச் பண்ணாதீங்க. இன்ஜினியர் எல்லாரும் லீவ்ல இருக்காங்க. வெள்ளிக்கிழமை வருவாங்க. நீங்க கை வச்சு ஏதாவது ஆச்சுன்னா எங்க பொறுப்பு கிடையாது" என்றது ஒரு இளம் குரல். பூஜை லீவு! அங்கேயும் சர்வருக்குக் குங்குமம் வைத்திருப்பார்கள் போல.

ஆவுடையப்பன் சாரும் வெள்ளிவரை பொறுப்போம் என்றார். தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் எனக்குச் சண்டை போடும் ஆசையே போய்விட்டது.

"சார், வெள்ளிக்கெழம வரைக்கும் வச்சிருந்தா அந்த ரெண்டாவது டிஸ்கும் போயிரும். அதுக்கு ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடுதேன். அவ்வளவுதான்."

"ஒங்க பொறுப்பாம்மா?"

"என் பொறுப்பு. நோயாளிகளுக்காகத்தான சார்."

நோயாளிகளுக்காகத்தான் என்று சொன்னேன்.

பென்டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை எழுப்பி, இருக்கிற ஒரே டிஸ்கை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் அப்படியே நகலெடுத்தேன். பாதி வழியில் அது முனக ஆரம்பித்தது. இதுவும் நின்று குளிர்ந்ததில் கெட்டிருக்கிறது. சில இடங்களைப் படிக்கவே முடியவில்லை என்றது. பக்கத்தில் உட்கார்ந்து, பிரசவ வார்டில் நிற்கிற மாதிரி, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தேன். யாராவது பார்த்திருந்தால் என்னையும் வார்டில் சேர்த்திருப்பார்கள். முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் செத்தது. அதற்கப்புறம் எவ்வளவு தட்டியும் பதில் இல்லை.

ஆக, ஆஸ்பத்திரியின் கணக்கு முழுவதும் இப்போது என் மேஜைமேல் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் கிடக்கிறது. அதிலிருந்து அந்தப் பெட்டி எழாது, அது அவ்வளவு பழையது. அதற்குப் பொருந்துகிற டிஸ்க் வேண்டும். நகலை அதில் இறக்கி, எழுப்பிவிடுகிற துண்டையும் போட வேண்டும். ஜங்ஷனில் கடை கடையாக ஏறினேன். "இந்த டைப்பா? மியூசியத்துல கேளுங்க" என்றான் ஒருவன். கடைசியில் மெட்ராசில் ஒரு கடைக்காரர் பழையது இரண்டு வைத்திருப்பதாகச் சொன்னார். கூரியரில் போட்டால் லீவெல்லாம் கழிந்து எப்போது வருமோ தெரியாது.

ஆம்னி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் விடிந்ததும் இங்கே இருக்கும். அதற்கு நான் யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் கொடுமை.

"ஒங்க பஸ் கம்பெனி மாடசாமி அண்ணன் இன்னைக்கு மெட்ராஸ்லதான இருக்காரு? ஒரு பார்சல் வாங்கிட்டு வரச் சொல்லுதியளா?"

"என்ன பார்சல்?"

"சர்வருக்கு."

ரொம்ப நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மோர்ச்சாதம் சாப்பிட்டிருந்தார், சாதமாகவே, கரைக்காமல்.

"வந்தா ஒடனே சரியாயிருமா?"

"ஆயிரும்."

"சரி. சொல்லுதேன்" என்று ஃபோனை எடுத்தார்.

அக்டோபர் 16, புதன்

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. பார்சல நான் வாங்கிட்டு வாரேன். வண்டி ஓட்டி எவ்வளவு நாளாச்சு" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் போனேன்.

அங்கே ஹாலில் பாதிப்பேர்தான். மற்றவர்கள் வருவதை விட்டுவிட்டார்கள். டாக்டர் மெர்லின் ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் போட்டு, "போயிராதீங்க, வீட்ல இருந்தாலும் ஃபோன எடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மதுரைக்கு மாற்ற முடியுமா என்றும் பார்க்கிறார். அங்கே புதிதாக ஸ்கேன் எடுத்து, கணக்குப் போட்டு, புது வலை செய்து முதலிலிருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். இடமும் இல்லை.

காத்திருந்து காத்திருந்து நானே வீட்டுக்காரருக்குப் பேசினேன்.

"வரலட்டி. வண்டி விருதுநகர் பக்கத்துல பிரேக் டவுனாம். வேற வண்டில மாத்தி உட்டுருக்காவளாம். நாளைக்குத்தான் வருமாம்."

பஸ்ஸைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபது வருடம் ஓட்டியவர்.

சாயங்காலம் படியேறும்போதே வாசனை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் மீன் மார்க்கெட்டுக்கும் போயிருக்கிறார். சாளை வாங்கி, தானே ஆய்ந்து, புளியும் மிளகாயும் குறைத்துக் குழம்பு வைத்திருந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றவரைப் பார்த்தால் நோயாளி என்று யார் சொல்வார்கள்? ஒரு உருண்டை, இரண்டு உருண்டை. விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது, வலியால் இல்லை.

"ருசி தெரியுதுட்டி. லேசா, தூரத்துல வண்டி லைட்டு தெரியுத மாதிரி தெரியுது."

நானும் அழுதேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். உள்ளே, கடவுளே, இந்த மனுஷனை நாளைக்கு எதைச் சொல்லிக் கூட்டிப்போவேன் என்று அடித்துக்கொண்டது. ஒவ்வொரு உருண்டைக்கும் அவர் முகம் தெளிகிறது. உள்ளே இருக்கிறது என்ன செய்கிறது என்று மெர்லின் சொன்னது ஞாபகம் வருகிறது. எனக்கு மீன் இறங்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

கம்பெனியிலிருந்து காலையில் ஃபோன். இன்ஜினியர் வெள்ளி வரவில்லையாம், அடுத்த வாரமாம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்." எதை அட்ஜஸ்ட் செய்ய? தொண்டையையா?

வீட்டுக்காரருக்குப் பேசினேன். "இன்னைக்கும் வரலட்டி, சாயங்காலம் பாப்போம்" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. மெட்ராஸ் கடைக்காரருக்குப் பேசினேன். செவ்வாய்க்கிழமையே பஸ்ஸில் ஏற்றிவிட்டேனே என்றார். மாடசாமி அண்ணனின் நம்பரைத் தேடி எடுத்துப் போட்டேன்.

"வண்டி நின்னுச்சா? யாரு சொன்னா? நேத்து விடியவே தம்பி கைல குடுத்துட்டேனம்மா. டீகூட வாங்கிக் குடுத்தேன், ஆத்தி ஆத்திக் குடிச்சான். நல்லா தெளிஞ்சிட்டான் போல இருக்கே, சந்தோசம்மா."

ஆமா அண்ணே, சந்தோசம் என்று வைத்துவிட்டேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் திட்டினேன். என்ன வார்த்தையெல்லாம் வைத்திருந்தேன்! பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்து, அலமாரி, பரண், அரிசி டப்பா எல்லாம் தேடினேன். கட்டிலுக்கு அடியில் மெட்ராஸ் கடையின் பிளாஸ்டிக் பை மட்டும் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அவர் செருப்பு இல்லை, ஸ்கூட்டர் இல்லை, ஃபோனை எடுக்கவில்லை.

எங்கள் தெரு முனையிலிருந்து நடந்தால் ஆற்றுப்பாலம். ஓடினேன். தாமிரபரணியில் தண்ணீர் நிறைய போகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டு நின்றேன். டிஸ்கை எறிந்திருப்பாரோ என்று பார்த்தேன் என எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய். அவரைத்தான் பார்த்தேன். ஒரு சட்டை, ஒரு தலை, ஏதாவது தெரிகிறதா என்று. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "என்ன தொலைச்சிய?" என்று கேட்டாள். தின்றுவிட்டுப் போகட்டும், அந்தச் சவத்து மெஷின் எழவே வேண்டாம், இந்த மனுஷன் இருந்தால் போதும் என்று அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஃபோன் அடித்தது. ஆவுடையப்பன் சார். "எங்கம்மா போயிட்டிய? ஒங்க வீட்டுக்காரர் வந்து ஹால்ல உக்காந்திருக்காரு. ஒங்கள பாக்கணுமாம்."

அங்கே அவர் மற்ற நோயாளிகளின் நடுவில், பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் மரியபுஷ்பம் அக்கா. அவள் மட்டும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அடிக்கவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை.

"சக்தி, இது நேத்தே..." என்று ஆரம்பித்தார்.

"இப்பத்தான் வந்துச்சா?" என்றேன், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அந்த பிரேக் டவுன் வண்டிய என்னன்னு சொல்லுதது! குடுங்க இங்க."

அவர் என்னையே பார்த்தார். கொடுத்தார். சர்வர் அறை வாசல்வரை என் பின்னாலேயே வந்தார்.

"நேத்து அந்த கயத்தாத்து அக்கா ஃபோன் போட்டா. தம்பி, ஒங்க வீட்டம்மா ரிப்பேர் பாக்காவளாமே, எப்ப சரியாவும், எனக்கு இன்னும் நாலுதான பாக்கி, அதையும் முடிச்சிட்டா பேரன் கல்யாணத்துக்கு நிப்பேன்லா, அப்படின்னா. பார்சல் என் காலுக்கடில கெடக்கு. ராத்திரி பூரா உருண்டேன். ஒரே ஒரு நாள் நல்லா தின்னுக்கிடுவோம்னுதான் சக்தி நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ வாங்கிட்டுப் போயிருவ."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "குடுத்துட்டேன். மத்தவியளுக்கு வைங்க. எனக்கு வேண்டாம். அந்த வலைக்குள்ள இனி நான் தலைய வைக்க மாட்டேன். கோவிச்சுக்கிடாத."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கெஞ்ச எனக்கு நேரமில்லை. நகலை இறக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் முடிந்தது. டிஸ்கின் ஓரத்தில் அந்தச் சின்னத் துண்டை என் கையால் போட்டேன். எழுப்பினேன். கொஞ்ச தூரம் வந்தது, எழுத்துகள் ஓடின. நின்றுவிட்டது. "மறுபாதி எங்கே?" என்று கேட்கிறது. இரண்டு பேராகவே இருந்து பழகியது, ஒருத்தராக எழ மாட்டேன் என்கிறது. இன்னொரு டிஸ்கையும் மாட்டிக் காட்டினேன். அதை அதற்கு அடையாளம் தெரியவில்லை, செத்துப்போன பழையதையே தேடுகிறது.

இதற்கு மேல் இன்றைக்குக் கண் தெரியவில்லை. காலையில் பார்க்க வேண்டும். வீட்டில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

அக்டோபர் 18, வெள்ளி

எழுந்துவிட்டது!

செத்தவனைத் தேடாதே, இருக்கிறவனை வைத்துக்கொண்டு எழு என்று அதற்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஒரு இடத்தில் திருத்தி, வலுக்கட்டாயமாக ஒற்றைப் பாதியில் ஏற்றினேன். எழுத்துகள் ஓடின, ஓடின, நிற்கவே இல்லை. பெயரைக் கேட்டது. என் பெயரை அடித்தேன். உள்ளே விட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாக அழுதேன். ஆவுடையப்பன் சார் ஓடிவந்து, என்ன ஏதென்று தெரியாமல் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே சர்வருக்குப் பூஜை கெடையாதும்மா" என்றார். "பூஜை பண்ணுங்க சார், சுவிட்சுல மட்டும் கை வைக்காதீங்க" என்றேன்.

அப்புறம் புது டிஸ்கை மறுபாதியாகச் சேர்த்தேன். அந்தச் சின்னத் துண்டை அதிலும் போட்டேன். ஒரு தடவை அணைத்து, அதிலிருந்தும் எழுகிறதா என்று பார்த்தேன். எழுந்தது. கரண்ட் கணக்குப் பார்க்கிற ஹமீது சார் ஒவ்வொரு நோயாளியின் கணக்கையும் அச்சடித்த காகிதத்தோடு வைத்துச் சரிபார்த்தார். படிக்க முடியாமல் போன இடங்களில் பழைய அச்சு வேலைகளின் குப்பைதான் இருந்திருக்கிறது. ஒருத்தர் கணக்கும் கெடவில்லை.

முதல் ஆளாக மரியபுஷ்பம் அக்காவை அழைத்தார்கள். டாக்டர் மெர்லின் வரிசையைப் போட்டுக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்கு மூணு மணி. வருவார்ல?" என்று கேட்டார். வருவார் டாக்டர் என்றேன். என் தைரியம்!

வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்றிருக்கும். வழியில் என்னென்னவோ யோசித்து வைத்தேன். இன்னைக்கு மட்டும் வாங்க என்கிற பழைய பொய் இனிமேல் செல்லாது. காலில் விழலாம். மெர்லினைப் பேசச் சொல்லலாம். செத்துப்போவேன் என்று மிரட்டலாம். ஒன்றும் சரியாக வரவில்லை.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு நெத்திலி. தட்டு நிறையச் சோறு, நடுவில் குழி பண்ணிக் குழம்பு. தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் வாசலிலேயே நின்றேன். கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மெஷின் எந்திரிச்சிட்டா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். இல்லை, இன்னும் ரிப்பேர்தான், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. ஒரு வாய்ச் சோற்றுக்காக என்னிடமே பொய் சொன்ன மனுஷனுக்கு நான் இதைக்கூடச் செய்யக் கூடாதா? ஆனால் தலை தானாக ஆடிவிட்டது.

"அந்த அக்காவுக்கு?"

"வச்சாச்சு. ஒங்களுக்கு மூணு மணிக்கு."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்து வைத்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எனக்கு நீங்க வேணும்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. வெட்கமாகக்கூட இல்லை. "ஒங்களுக்காக இல்ல. டாக்டர் சொன்னதுக்காவ இல்ல. எனக்கு வேணும். நேத்து ஆத்துப் பாலத்துல நின்னேன். ஒத்தையா எனக்கு ஏலாது."

அவர் கை தட்டிலேயே நின்றது. குழம்பு விரலில் காய்ந்துகொண்டிருந்தது.

"சட்டில இன்னும் கெடக்கா?"

"கெடக்கு."

"போடு. இத தின்னு முடிக்கவரைக்கும் மெஷின் ரிப்பேர்தான்னு வச்சுக்கோ."

போட்டேன். சோறும் போட்டேன். மெதுவாக, ஒவ்வொரு உருண்டையாக, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, ருசி பார்த்துத் தின்றார். நடுவில் ஒரு உருண்டையை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டார். அப்புறம் நான் பார்க்கவில்லை.

இரண்டரை மணிவரை மெஷின் ரிப்பேராகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கையைக் கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "சாவிய எடுட்டி. இன்னைக்கு நான் ஓட்டுதேன்" என்றார்.